சூப்பர் மாரியோவில் ரகசிய லெவல் சிக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் 8 உலகம், உலகத்துக்கு 4 லெவல், ஆக மொத்தம் 32. முழு கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று காலை வாட்ஸாப்பில் வந்த பூ படம் அதைவிடப் பெரியதாக இருக்கும். அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒளித்துவைக்க முடிந்தது கொஞ்சம்தான்: 1-2-இல் (அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் லெவலில்) ஒன்று, 4-2-இல் இரண்டு என்று, குழாயில் இறங்கி வேறு உலகத்துக்குத் தாவவிடும் மூன்று வார்ப் ஜோன்கள், செடிக்கொடி பிடித்து ஏறிப் போகும் காசு மேகங்கள், குழாய்க்கு அடியில் காசு அறைகள், கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள். அப்புறம், செய்தவர்களே திட்டமிடாத ஒரு கோளாறு உலகம், அதாவது 'மைனஸ் உலகம்'. இதற்கு மேல் யாராவது சொன்னால், அவர் ஆடியது வேறு கேம், இல்லையென்றால் பக்கத்து வீட்டு அண்ணன் அவரிடம் கதை விட்டிருக்கிறார்.

பல வருடம் கழித்து மறுபடி ஆட உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான்: "சின்ன வயசில் போன இடம், இப்போது திறக்கமாட்டேன் என்கிறது." கை மறந்துபோயிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. இந்த கேம் பல இடங்களில் சத்தமில்லாமல் ஒரு நிபந்தனையைச் சரிபார்க்கும். அது நிறைவேறாவிட்டால் எந்தச் செய்தியும் காட்டாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். எந்த நிபந்தனை தவறியது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே பிழை நீக்கம்.

அறிகுறி: ஞாபகத்தில் இருப்பதும் திரையில் வருவதும் ஒத்துப்போகவில்லை

முதலில் கையில் இருப்பது எந்த மாரியோ என்று பாருங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காளான் சாப்பிட்டதும் மாரியோ வளராமல் செத்துப்போகிறானா? காற்றடித்துத் தள்ளுகிறதா? லூயிஜி மாரியோவைவிட உயரமாகக் குதித்து, நிற்கச் சொன்னால் வழுக்கிக்கொண்டு போகிறானா? அப்படியென்றால் நீங்கள் ஆடுவது 1986-இல் ஜப்பானில் டிஸ்க்கில் வந்த இரண்டாம் மாரியோ. வெளிநாட்டுக்கு அது பிற்பாடு 'லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில்தான் வந்தது. பார்வைக்கு முதல் பாகம் போலவே இருக்கும், குணம் முழுக்க வேறு. அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

பின்னணி எல்லாம் வண்ணமயமாக, ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியோடு இருந்தால் அது 1993-இல் வந்த 'ஆல் ஸ்டார்ஸ்' தொகுப்பு. வார்ப் ஜோன்கள் அதில் உண்டு. கோளாறு உலகம் கிடையாது, அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

மூன்றாவது வகைதான் நம்மில் பலருக்குப் பழக்கம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் நம் ஊர் வீடுகளில் ஓடிய 'டிவி கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோ மெஷினின் நகல்கள். அவற்றோடு வந்த '9999 இன் 1' கேசட்டில் ஒருசில கேம்கள்தான் நிஜம். மீதி எண்கள் எல்லாம் அதே கேமை வேறு உலகத்திலிருந்தோ வேறு மாற்றத்தோடோ தொடங்கிவைக்கும். பட்டியலில் குறிப்பிட்ட எண்ணை அழுத்தினால் புது லெவல் வரும் என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால், அது பொய்யில்லை. ஆனால் அது வழக்கமான ஐந்தாம் உலகமாகவோ ஏழாம் உலகமாகவோதான் இருந்திருக்கும். அன்று அதுவரை ஆடி எட்டாததால் புதிதாகத் தெரிந்தது. அசல் கேமில் அந்த எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

அறிகுறி: 1-2-இல் கூரைமேல் ஓடும் வழி தவறிப்போகிறது

சுலபமான கேஸ். பாதாள லெவலின் கடைசிப் பகுதியில் மேலே போகும் லிஃப்ட் வரும். அதில் நின்று உச்சிக்குப் போய், செங்கல் கூரைமேல் காலை வைத்து வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே வெளியேறும் குழாய் தெரியும், அதைத் தாண்டிப் போங்கள். மூன்று குழாய் உள்ள அறையில் இறங்குவீர்கள். இடமிருந்து வலமாக 4, 3, 2.

தவறுவது ஒரே இடத்தில்தான்: அவசரத்தில் கூரைக்குப் பதிலாகக் கீழே குதித்துவிடுவோம். இந்த கேமில் திரை இடப்பக்கம் நகராது. லிஃப்ட் திரையை விட்டுப் போய்விட்டால் போனதுதான். இருக்கும் லைஃபில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள், வேறு வழியில்லை.

அறிகுறி: 4-2-இல் ஐந்தாம் உலகத்துக்கு மட்டும்தான் குழாய் இருக்கிறது

நீங்கள் 1-2 மாதிரியே கூரை வழியாகக் கடைசிக்கு ஓடியிருக்கிறீர்கள். அது வேலை செய்யும், ஆனால் கிடைப்பது ஒற்றைக் குழாய், அது 5-க்கு. நான்கிலிருந்து ஐந்துக்குப் போக இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டால் நியாயம்தான்.

8, 7, 6 என்று மூன்று குழாய் உள்ள அறைக்குக் கொடி வழியாகப் போக வேண்டும். லெவலின் முற்பகுதியில், லிஃப்ட்களைத் தாண்டியதும் மூன்று செங்கற்கள் தனியாக உயரத்தில் நிற்கும். அவற்றில் ஒன்றுக்குள் கொடி இருக்கிறது. கீழே நின்று குதித்தால் தலை எட்டாது. அங்கே வெற்று இடத்தில் குதித்துப் பாருங்கள், தெரியாமல் இருக்கும் காசுப் பெட்டிகள் தட்டுப்படும். அவற்றை வெளிக்கொண்டுவந்து, அவற்றின்மேல் ஏறி நின்று செங்கல்லை முட்டினால் கொடி வளரும். ஓட்டத்திலேயே செய்ய நினைத்தால் திரை முன்னே போய்ச் செங்கல் கைவிட்டுப் போகும். நின்று, நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது.

2-1, 3-1, 5-2, 6-2 ஆகிய இடங்களில் கொடி ஏறினால் வருவது வார்ப் ஜோன் இல்லை, காசு மேகம் மட்டும். அங்கிருந்து விழுந்தால் சாகமாட்டீர்கள், பழையபடி லெவலுக்குள்ளேயே இறங்குவீர்கள். ஆகவே கடைசிக் காசுக்கும் தைரியமாகக் குதிக்கலாம்.

4-2 பற்றி இன்னொன்று. வேகப் போட்டிக்காரர்கள் கொடியைத் தொடுவதே இல்லை. காசு அறைக்குப் போகவேண்டிய ஒரு சாதாரணக் குழாயில் இறங்கியே அந்த 8-7-6 அறைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு குழாய் எங்கே போகும் என்பதைக் குழாய் முடிவு செய்வதில்லை, திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. திரையைவிட மாரியோவைச் சற்று முன்னே தள்ளிக்கொண்டு போய்க் குழாயில் இறக்கினால், கேமின் நினைவகத்தில் கொடிக்கான விலாசமே இன்னும் இருக்கும், அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடும். இதைச் செய்து பழகச் சொல்லவில்லை. அடுத்த அறிகுறிக்கு இந்தத் தத்துவம் தேவை.

அறிகுறி: மைனஸ் உலகம் வரவே இல்லை

அந்தப் பிரபலமான '-1' உலகம் யாரும் ஒளித்துவைத்தது இல்லை. 1-2 கடைசியில் உள்ள மூன்று குழாய்களுக்கும் எண்களை, நீங்கள் அந்த அறைக்குள் உரிய தூரம் வந்து 'வெல்கம் டு வார்ப் ஜோன்' என்ற வரி திரையில் தோன்றும் நேரத்தில்தான் கேம் எழுதிவைக்கிறது. அதற்கு முன்பு அங்கே இருப்பது 4-2-க்கான எண்கள்: நடுக் குழாய்க்கு 5, இரு பக்கத்துக்கும் 36. உலகம் 36 என்று ஒன்று இல்லை. திரையில் எண்ணை வரையும்போது 36-ஆவது உருவம் வெறும் காலியிடம் என்பதால் '36-1' என்பது ' -1' என்று தெரிகிறது. மைனஸ் என்பதே நம் கண்ணின் வேலை.

ஆகவே நிபந்தனை ஒன்றுதான்: அந்த வரி தோன்றுவதற்கு முன் முதல் குழாய்க்குள் இறங்க வேண்டும். கூரை வழியாக வந்தால் திரை நகர்ந்துவிடும், எனவே சுவருக்குள் புகுந்து வர வேண்டும். வழி இதோ. பெரிய மாரியோவாக வெளியேறும் குழாயிடம் வாருங்கள். அதற்கு மேலே கூரையில் சுவரை ஒட்டிய கடைசிச் செங்கல்லை விட்டுவிட்டு அதற்கு இடப்பக்கத்தில் உள்ளவற்றை உடையுங்கள். குழாயின் இடது விளிம்பில் இடப்பக்கம் பார்த்து நின்று, குனிந்தபடி குதித்து, காற்றிலேயே வலப்பக்கம் அழுத்துங்கள். முதுகு காட்டியபடி சுவரைத் தொட வேண்டும். சரியாக அமைந்தால் மாரியோ கல்லுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடுவான்.

வரவில்லையென்றால் இவற்றைப் பாருங்கள்:

மாரியோ முட்டி மோதிக் கீழே விழுந்தால், குதித்த இடம் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. மயிரிழை வித்தியாசம்தான், பல தடவை முயலத்தான் வேண்டும். தொடுதிரை ஃபோனில் ஆடுகிறீர்களா? கீழ்ப் பட்டன், குதிக்கும் பட்டன், திசைப் பட்டன் மூன்றையும் அந்தக் கணத்தில் கண்ணாடிமேல் விரல் வைத்து மாற்றுவது கொடுமை. ஒரு ஜாய்ஸ்டிக்கை இணைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

சுவரைக் கடந்துவிட்டீர்கள், ஆனால் குழாய் நான்காம் உலகத்துக்கே போனது என்றால், வரவேற்பு வரி வந்துவிட்டது என்று அர்த்தம். கடந்த உற்சாகத்தில் நாலடி நடந்திருப்பீர்கள். 5-1-க்குப் போனால் நடுக் குழாயில் இறங்கியிருக்கிறீர்கள்.

ஒருவழியாக உள்ளே போய்விட்டீர்கள், ஆனால் லெவல் முடியவே இல்லை என்றால் எந்தப் பிழையும் இல்லை. அது 7-2-இன் நீருக்கடி லெவல்தான், கடைசிக் குழாய் மறுபடி ஆரம்பத்துக்கே கொண்டுவந்துவிடும். நேரம் தீரும்வரை நீந்தலாம், அவ்வளவுதான். ஜப்பானிய டிஸ்க் பதிப்பில் மட்டும் கதை வேறு: அங்கே -1, -2, -3 என்று மூன்று லெவல் வரும், மூன்றாவதை முடித்தால் கேமையே முடித்ததாகக் கணக்கு. உங்கள் நண்பர் மைனஸ் உலகத்தை முடித்தேன் என்று சத்தியம் செய்தால், எந்தப் பதிப்பில் என்று கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள்.

அறிகுறி: கோட்டைக்குள் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருகிறது

4-4, 7-4, 8-4 மூன்றும் புதிர்க் கோட்டைகள். சரியான பாதையில் போகாவிட்டால் சில திரைகள் பின்னால் தள்ளிவிடும். மாடிமாதிரிப் பாதைகள் பிரியும்போது 4-4-இல் முதலில் மேல், பிறகு கீழ். 7-4-இல் முதல் புதிருக்குக் கீழ், நடு, மேல் என்ற வரிசை. இரண்டாவது புதிரில் மேலே தொடங்கி, நடுவில் ஒருமுறை இறங்கி, மறுபடி மேலே ஏறி முடிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரியும், சரியாகத்தான் போனேன், இருந்தும் சுற்றுகிறது என்கிறவர்களுக்குத்தான் இந்தப் பகுதியே. கேம் உங்கள் முழுப் பாதையையும் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட சில இடங்களைத் திரை கடக்கும் கணத்தில் இரண்டே விஷயம் பார்க்கும்: மாரியோ சரியான உயரத்தில் இருக்கிறானா, கால் தரையில் இருக்கிறதா. அந்தக் கணத்தில் நீங்கள் குதித்துக்கொண்டிருந்தால், பாதை சரியாக இருந்தாலும் தவறு என்றே கணக்கு. நெருப்புக் கம்பிக்குப் பயந்து எட்டிக் குதித்த குதிதான் காரணம். பாதை பிரியும் இடங்களில் குதிக்காமல் ஓடிக் கடந்து பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

8-4-க்கு இந்த வைத்தியம் செல்லாது. அங்கே நடந்து போகும் பாதை எதுவுமே சரியான பாதை இல்லை. சரிபார்க்கும் உயரமே மாரியோ நிற்க முடியாத உயரமாகக் கொடுத்துவைத்திருக்கிறார்கள். சரியான குழாயில் இறங்குவது ஒன்றே வழி. ஒரு பகுதியில் குழாய் அந்தரத்தில் எட்டாத உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்று இருக்கிறது, முட்டி வெளிக்கொண்டுவந்து அதன்மேல் ஏறினால் எட்டும். சிறுவயதில் இந்த இடத்தில் மெஷினை அணைத்துவிட்டுத் தூங்கப்போனவர்கள் ஏராளம்.

அறிகுறி: பச்சைக் காளான் பெட்டி இருந்த இடத்தில் இல்லை

1-1-இல் முதல் பள்ளத்துக்குச் சற்று முன்னால் தெரியாத பெட்டி ஒன்று, அதற்குள் ஒரு லைஃப். ஆட்டம் தொடங்கியதும் அது நிச்சயம் இருக்கும். ஆனால் அந்தப் பகுதி திரைக்குள் வந்த உடனே, நீங்கள் முட்டினாலும் முட்டாவிட்டாலும், 'கொடுத்தாயிற்று' என்று கேம் குறித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு செத்துத் திரும்பி வந்து அதே இடத்தில் எத்தனை குதித்தாலும் ஒன்றும் வராது.

மற்ற உலகங்களின் முதல் லெவலில் இருக்கும் பெட்டிக்கு இன்னொரு நிபந்தனை: முந்தைய உலகத்தின் மூன்றாம் லெவலில் போதிய காசு சேர்த்திருக்க வேண்டும். 1-3-இல் 21, 2-3-இல் 35, 3-3-இல் 22, 4-3-இல் 27, 5-3-இல் 23, 6-3-இல் 24, 7-3-இல் 35. ஒன்று குறைந்தாலும் கிடையாது. சின்ன வயதில் 'சில நாள் வரும், சில நாள் வராது' என்று நாம் பேசிக்கொண்டதன் காரணம் இதுதான். வார்ப் ஜோன் வழியாக ஓர் உலகத்துக்கு வந்தால் காசுக் கணக்கு கேட்காமலே பெட்டியை வைத்துவிடும்.

அறிகுறி: ஒன்பதாம் உலகம் வரவில்லை

முதல் பாகத்தில் அது இல்லை. இரண்டாம் மாரியோவில் உண்டு. அங்கே வார்ப் ஜோன் எதையும் பயன்படுத்தாமல் எட்டு உலகத்தையும் ஆடி முடித்தால்தான் திறக்கும். அதைத் தாண்டி ஏ, பி, சி, டி என்று நான்கு உலகம் இருக்கிறது. அவற்றுக்கு, டிஸ்க் பதிப்பில் கேமை 8 தடவை முடிக்க வேண்டும். ஆல் ஸ்டார்ஸ் பதிப்பில் அவ்வளவு தண்டனை இல்லை, ஒரு தடவை முடித்தால் போதும். முதல் தடவை ஆடுகிறவர்களுக்கு என் யோசனை இந்தப் பதிப்புதான்.

வார்ப் ஜோன் உங்களைப் பின்னால் தள்ளிவிட்டது என்றால் அதுவும் இந்தக் கேமின் குறும்பு. 3-1-இல் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கும் ரகசியக் குழாய் முதல் உலகத்துக்கே அனுப்பிவிடும். குழாய்க்கு மேலே எழுதியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

கூம்பா என்ற குட்டி எதிரிகள் எல்லாம் கறுப்பு ஓட்டு வண்டுகளாக மாறிவிட்டன: கோளாறு இல்லை. முதல் சுற்றை முடித்தவர்களுக்கு வரும் கடினமான இரண்டாம் சுற்று இது. இப்போது தலைப்புத் திரையில் பி பட்டனை அழுத்தினால் எந்த உலகத்திலிருந்து தொடங்குவது என்று தேர்வு செய்யலாம்.

கொடிக்கம்பத்தைத் தாண்டிக் குதித்தால் ரகசிய லெவல் வருமா: ஒருசில இடத்தில் தாண்ட முடியும் என்பது உண்மை. அப்பால் வெறும் நிலம்தான், நேரம் தீரும்வரை ஓடலாம். கம்பத்தைத் தொடும்போது வெடிக்கும் வாணவேடிக்கைக்கும் ரகசியத்துக்கும் தொடர்பில்லை. கடிகாரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 ஆக இருந்தால் அத்தனை வெடிக்கும்.

3-1 படியில் ஆமை ஓட்டை மிதித்து மிதித்து லைஃப் குவித்தேன், ஒரே சாவில் கேம் ஓவர்: 127-க்கு மேல் போனால் கேம் அதை மைனஸ் எண்ணாகப் படிக்கிறது. எண்ணுக்குப் பதில் கிரீடமும் விநோத உருவமும் தெரியத் தொடங்கினாலே நிறுத்திவிடுங்கள்.

டென்னிஸ் கேசட்டை ஓடும்போதே பிடுங்கி மாரியோவைச் செருகினால் 256 உலகம் வரும் என்று கேள்விப்பட்டேன்: அந்தக் காலத்து ஜப்பானியச் சிறுவர்கள் நிஜமாகவே செய்தார்கள். டென்னிஸ் கேம் ஆட்டக்காரரின் காலடிகளை எண்ணி வைக்கும் நினைவிடமும், மாரியோ 'எந்த உலகத்திலிருந்து தொடர்வது' என்று வைத்திருக்கும் நினைவிடமும் ஒன்றே. வருவது எல்லாம் ஏற்கெனவே உள்ள லெவல்களின் சிதைந்த வடிவங்கள். பழைய மெஷின் கையில் இருந்தால் தயவுசெய்து செய்யாதீர்கள், கேசட்டும் போகும், மெஷினும் போகும்.

கேம் ஓவர் ஆனதும் மறுபடி 1-1-இலிருந்து வரவேண்டியிருக்கிறது: மெஷினை அணைக்காமல், தலைப்புத் திரையில் ஏ பட்டனைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் அழுத்துங்கள். செத்த உலகத்தின் முதல் லெவலிலிருந்தே தொடங்கும். 4-2 கொடியையும் 7-4 புதிரையும் பழகுவதற்கு இதைவிட வசதி கிடையாது.